கிளி நினைவிருக்கிறது, நம்பர் நினைவில்லை

வண்டிகளின் நம்பர் பிளேட் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும், அந்த விதிகளை எழுதித் தரும் வல்லுநர் குழுக்களுக்கும்:

பதினான்கு மாதங்களுக்கு முன், மழை விட்ட ஒரு மாலையில், எனக்குப் பத்தடி முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பெரியவரை ஒரு சாம்பல் நிறக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அந்தக் காரின் பின்கண்ணாடியில் பச்சைக் கிளி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கிளியின் அலகு மட்டும் உரிந்துபோய், அந்த இடத்தில் வெள்ளையாகத் தாள் தெரிந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கிளியை வரைந்து காட்டிவிடுவேன். அதற்குக் கொஞ்சம் கீழே நம்பர் பிளேட் இருந்தது. அதையும் பார்த்தேன், படித்தேன். என்ன நம்பர் என்று மட்டும் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். நாள் முழுக்க எண்களோடுதான் பழக்கம். சின்ன வயதில் இருந்த வீட்டின் டெலிபோன் நம்பர்கூட இன்னும் மறக்கவில்லை. அதனால் 'அந்தம்மாவுக்கு ஞாபக மறதி' என்று இந்த மடலை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

நடந்ததை நொடி நொடியாகச் சொல்கிறேன். சத்தம் கேட்டது. திரும்பினேன். காரின் பிரேக் விளக்கு சிவந்தது. சரி, நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே ஒன்றிரண்டு நொடி போய்விட்டது. விளக்கு அணைந்து கார் நகர்ந்தபோதுதான் நம்பரைப் பார்க்க வேண்டும் என்று உறைத்தது. பார்த்தேன். இரண்டு நொடி இருக்கும். உதட்டுக்குள் ஒரு முறை சொல்லியும் கொண்டேன். அதற்குள் பெரியவர் முனகினார். அவருடைய கால் சைக்கிள் கம்பிக்குள் மாட்டியிருந்தது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினேன். செருப்பைக் கழற்றிக் காலை வெளியே எடுத்தேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள் என்று தடுத்தேன். ஆம்புலன்ஸுக்குப் பேசி, எந்தத் திருப்பம், எந்தப் பக்கம் என்று மூன்று முறை விளக்கினேன்.

இதெல்லாம் முடிந்து ஒருவர் என்னிடம் "நம்பர் பாத்தீங்களா?" என்று கேட்டபோது ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். வாயைத் திறந்தேன். ஒரு 7 வந்தது. அப்புறம் இன்னொரு 7. உண்மையிலேயே இரண்டு 7 இருந்தனவா, ஒரே 7-ஐ இரண்டு தடவை நினைத்தேனா என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு நடந்ததில் புதிதாக ஒன்றுமில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1959-ல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களிடம் மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொன்னார்கள். உடனே ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள், எழுத்துகளை மனசுக்குள் சொல்லிப் பார்க்க முடியாதபடி. பதினெட்டு நொடி கழித்துக் கேட்டால் பத்துக்கு ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. மூன்று எழுத்துக்கே அந்தக் கதி. அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் ரத்தம் வராத ஓர் அறையில்! நீங்கள் எங்களிடம் ஏழு, எட்டு, சில இடங்களில் பத்து எழுத்தும் எண்ணும் கேட்கிறீர்கள். பின்னோக்கி எண்ணுவதற்குப் பதிலாக நாங்கள் ஒருவரின் காலைச் சக்கரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

காவல் துறைக்குப் போனில் சொன்னது தனிக் கூத்து. முதல் எழுத்துகளில் ஒன்று 'பி' என்று ஓரளவு உறுதியாக இருந்தேன். "எந்த பி?" என்றார்கள். இந்த மடலிலேயே பாருங்கள்: ஆங்கில எழுத்துகளில் இரண்டாவதும் பதினாறாவதும் தமிழில் எழுதினால் ஒன்றாகத்தான் நிற்கின்றன. நான்காவதும் இருபதாவதும் அப்படியே, இரண்டுமே 'டி'. தமிழ் பேசுகிறவர்களின் குறை இது என்று நினைத்துவிட வேண்டாம். கேம்பிரிட்ஜில் கான்ராட் என்ற ஆய்வாளர் 1964-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கிலமே தாய்மொழியான ஆட்களுக்கு எழுத்துகளைக் காதால் கேட்க விடாமல் கண்ணுக்கு மட்டும் காட்டினார். அவர்கள் தப்பாக எழுதியதெல்லாம் பெரும்பாலும் ஒலியில் நெருங்கிய எழுத்துகள். வடிவம் கொஞ்சமும் ஒத்துப்போகாது, ஓசை ஒத்துப்போகும். கண்ணால் பார்த்ததையும் மனசு காதுக்குள் போட்டுத்தான் சிறிது நேரம் வைத்துக்கொள்கிறது. உங்கள் விதிகளில் பூஜ்யமும் 'ஓ'வும் குழம்பும், ஒன்றும் 'ஐ'யும் குழம்பும் என்று சில எழுத்துகளை நீக்கியிருக்கிறீர்கள். நல்லது. இத்தாலி, பிரான்ஸ் இரண்டும் அப்படி நீக்கியிருக்கின்றன. அதெல்லாம் கண்ணின் குழப்பம். காதின் குழப்பத்துக்காக எந்த எழுத்தையாவது நீக்கினீர்களா?

வாக்குமூலம் எழுதிய அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருந்தார். "படிச்சவங்கதானேம்மா நீங்க? ஒரு நம்பரைப் பாத்து வெச்சுக்க முடியலையா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான், தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு முழு நம்பரைச் சொன்னேன். இரண்டு எழுத்து ஊகம், ஒரு 7 நிச்சயம், மிச்சம் எல்லாம் 'இப்படித்தான் இருந்த மாதிரி இருக்கு'. படிவத்தில் அத்தனை கட்டங்கள் இருந்தன. காலியாக விட்டால் என்னவோ போல இருந்தது.

நான் சொன்ன நம்பரில் உண்மையிலேயே ஒரு சாம்பல் நிறக் கார் இருந்தது. அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அந்த மாலையில் தான் வேறொரு இடத்தில் இருந்ததை நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவருடைய காரை நானே போய்ப் பார்த்தேன். பின்கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. கிளியும் இல்லை, கிளி ஒட்டியிருந்த தடமும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லைங்க, நீங்க வேணும்னு சொல்லலை" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், சைக்கிள் இனி கிடையாது. பார்க்கப் போனபோதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏம்மா, அந்த நம்பர் ஞாபகம் வந்துச்சா?" போன மாதத்திலிருந்து அதையும் கேட்பதை விட்டுவிட்டார்.

இதையெல்லாம் எழுதி, பார்த்தவர்களின் நினைவில் நிற்கும்படி நம்பர் பிளேட்டை மாற்ற ஏதாவது வழி யோசித்திருக்கிறீர்களா என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். நான்கு வரியில் பதில் வந்தது. பிளேட்டுகள் தெளிவாகப் படிக்கக்கூடியவையாக, தரநிலைக்கு உட்பட்டே இருக்கின்றன என்றது. இந்த மடலை எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கு அந்தப் பதில்தான் காரணம். படிக்க முடியவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? படித்தேன் என்றுதானே எழுதியிருந்தேன்.

சரி, அந்தத் தரநிலை என்னதான் சொல்கிறது என்று தேடினேன். பல நாடுகளின் விதிகளுக்கு அடியில் கிடப்பது 1968-ல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை. அதன் இரண்டாம் இணைப்பு சொல்வது இது: பதிவெண், சாதாரணப் பகல் வெளிச்சத்தில், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, வண்டிக்கு நேர்க்கோட்டில் நிற்பவருக்கு, குறைந்தது 40 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பகல் வெளிச்சம், நின்ற வண்டி, நேராக நிற்கும் ஆள். இடித்துவிட்டு ஓடுகிறவர் இந்த மூன்றில் எதைத் தருவார்? போகட்டும், மூன்றையும் தந்தார் என்றே வைத்துக்கொள்வோம். படித்தது எத்தனை நிமிடம் நினைவில் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. பிரிட்டனில் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறவர் 20 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்ட வேண்டும். அது அவருடைய கண்ணுக்கு வைக்கும் பரிசோதனை. பிளேட் நினைவில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

நம்பர் பிளேட் வந்ததே மனிதர்கள் பார்த்துச் சொல்வதற்காகத்தான். பாரிஸில் 1893-ல் அதைக் கட்டாயமாக்கியபோதும், பிரிட்டனில் 1903-ல் சட்டம் போட்டு அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியபோதும் கேமரா எதுவும் வரிசையில் நிற்கவில்லை. ஓர் எழுத்து, இரண்டு எழுத்து, கூடவே நான்கு இலக்கத்துக்குள் ஓர் எண், அவ்வளவுதான் இருந்தது. வண்டிகள் பெருகப் பெருக எழுத்துகளும் பெருகின. நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கேமரா 1976-ல் பிரிட்டனில் உருவானது. அதற்குப் பிறகு நீங்கள் கொண்டுவந்த மாற்றங்களைப் பாருங்கள். ஜெர்மனியில் 2000-லிருந்து புதிய பிளேட்டுகளுக்குக் கட்டாயமான எழுத்துரு, ஓர் எழுத்தைக் கறுப்பு டேப் ஒட்டி இன்னொன்றாக மாற்ற முடியாதபடி வரையப்பட்டது. பெயரிலேயே 'மோசடிக்குக் கடினம்' என்று வைத்திருக்கிறார்கள். அழகான யோசனை, எனக்கு மறுப்பே இல்லை. ஒளியைத் திருப்பி அடிக்கும் தாள், கழற்ற முடியாத பூட்டு, ரகசியக் குறி என்று திருடனுக்கு எதிராகவும் கேமராவுக்கு வசதியாகவும் எவ்வளவோ செய்திருக்கிறீர்கள். மூன்றாவதாக ஓர் ஆள், கையில் கேமரா இல்லாமல் சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அவரைத்தான் மறந்துவிட்டீர்கள்.

இப்போதுதான் எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறதே என்பீர்கள். அந்த வளைவில் இல்லை. இருந்த இடங்களில் பதிவான கார்களில் சாம்பல் நிறத்துக்குப் பஞ்சமில்லை. எதைத் தேடுவது என்று ஒரு மனிதர் சொன்னால்தான் கேமராவுக்கே வேலை.

கிளிக்கு வருகிறேன். கிளி ஏன் நின்றது, நம்பர் ஏன் போனது? 1973-ல் லயனல் ஸ்டாண்டிங் என்ற ஆய்வாளர் ஆட்களுக்குப் பத்தாயிரம் படங்கள்வரை காட்டினார், ஒவ்வொன்றும் ஐந்து நொடி. பிறகு பார்த்த படத்தையும் பார்க்காத படத்தையும் ஜோடியாக வைத்து, பார்த்தது எது என்று கேட்டால், பெரும்பாலும் சரியாகச் சுட்டினார்கள். பத்தாயிரம் படம்! நமக்குப் படம் ஒட்டிக்கொள்ளும், வார்த்தை ஓரளவு ஒட்டும். பொருளில்லாத எழுத்துக் கோவை வழுக்கிக்கொண்டு போய்விடும். பாட்டுக்கு மோனையும் எதுகையும் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எழுத்தே படிக்காதவர்களும் நூறு பாட்டைச் சுமந்துகொண்டு திரிந்தது அதனால்தான்.

ஒரு நேரத்தில் மனசில் எவ்வளவு வைக்க முடியும் என்பதற்கு ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-ல் 'ஏழு, கூடக் குறைய இரண்டு' என்றார். 2001-ல் நெல்சன் கோவன் அதையும் குறைத்து நான்கு என்றார். இருவரும் சொன்னது எழுத்துகளை இல்லை, துண்டுகளை. 'மழை' என்பது ஒரு துண்டு. 'ம்ழ்க்' என்றால் மூன்று துண்டு. உங்கள் பிளேட்டுகளில் எல்லாமே 'ம்ழ்க்'.

இதில் ஒரு வேடிக்கை. ஸ்பெயினில் 2000-ல் புதிய முறை கொண்டுவந்தபோது நான்கு இலக்கம், மூன்று எழுத்து என்று வைத்தார்கள். சுருக்கமானது, நல்லது. ஆனால் ஐந்து உயிரெழுத்துகளையும் நீக்கிவிட்டார்கள், எழுத்துகள் சேர்ந்து ஏதாவது வேண்டாத வார்த்தை ஆகிவிடுமே என்று. கெட்ட வார்த்தைக்குப் பயந்து எல்லா வார்த்தைகளையும் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஸ்வீடனில் அப்படிச் செய்யவில்லை. மூன்று எழுத்து, இடைவெளி, மூன்று இலக்கம் (2019-லிருந்து கடைசி இலக்கத்தின் இடத்தில் ஓர் எழுத்தும் வரலாம்). உயிரெழுத்துகளில் பல உள்ளே இருக்கின்றன. ஆகாத சேர்க்கைகளை மட்டும் ஒரு பட்டியல் போட்டு ஒதுக்கிவிட்டார்கள். வாய்விட்டுச் சொல்ல வருகிற மூன்றெழுத்து கிடைத்தால் அது ஒரே துண்டு.

ஜப்பான் பிளேட் எனக்கு மிகவும் பிடித்தது. ஊர்ப் பெயரும் வண்டி வகை எண்ணும் மேலே சின்னதாக இருக்கும். இடது ஓரத்தில் ஹிராகானா என்ற ஜப்பானிய எழுத்து ஒன்று. அது ஒரு முழு ஒலி. நடுவில் பெரிதாக நான்கே இலக்கம், இரண்டிரண்டாகப் பிரித்து நடுவில் சிறு கோடு. கண் எதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிளேட்டே சொல்லிவிடுகிறது. மற்ற பல இடங்களில் நிலைமை தலைகீழ். எல்லா எழுத்தும் ஒரே உயரம், முதலில் நிற்பது பதிவான வட்டாரத்தின் குறி. வரிசையாக எதைப் பார்த்தாலும் தலையும் வாலும் நினைவில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவும். அந்த அருமையான முதல் இடத்தை, சுற்றிலும் ஓடுகிற எல்லா வண்டிக்கும் பொதுவான எழுத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஓரளவு உறுதியாகச் சொன்னது அதைத்தான். தொலைந்த மாட்டுக்கு 'நாலு கால் இருக்கும்' என்று அடையாளம் சொன்ன மாதிரி.

சிங்கப்பூரில் கடைசியில் ஓர் எழுத்து வரும். அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. முன்னால் உள்ள எழுத்துகளையும் எண்களையும் பெருக்கிக் கூட்டி, பத்தொன்பதால் வகுத்து, மீதியிலிருந்து கிடைப்பது. கணக்கு எழுதுகிறவளுக்கு இது இனிக்கும். ஓர் இலக்கத்தைத் தப்பாகச் சொன்னாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிச் சொன்னாலோ கடைசி எழுத்து ஒத்துவராது. ஓர் இலக்கம் மறந்தே போனாலும் மற்றதை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். நினைவில் வைக்க இன்னும் ஓர் எழுத்தா என்று முதலில் எனக்கும் எரிச்சல்தான் வந்தது. பிறகு அந்தக் காரின் சொந்தக்காரரை நினைத்துக்கொண்டேன். அப்படி ஓர் எழுத்து இருந்திருந்தால், நான் உளறிய நம்பர் இல்லாத நம்பராகவே போயிருக்க வாய்ப்பு அதிகம். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மெய்யும் உயிரும் மாறி மாறி வரும்படி ஆறு ஆங்கில எழுத்து, பிறகு மூன்று இலக்கம். 'கமோரு 482' என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வார்த்தை எந்த அகராதியிலும் வேண்டாம். வாயில் நுழைந்தால் போதும். ஒலியிலும் வடிவத்திலும் குழம்பாத 12 மெய்களை மட்டும் எடுத்தாலும், ஐந்து உயிரோடு சேர்த்து 60 ஒலிகள். மூன்று ஒலி சேர்ந்தால் 2,16,000 சொற்கள். மூன்று இலக்கத்தோடு பெருக்கினால் 21 கோடியே 60 லட்சம் நம்பர்கள். ஆகாத சொற்களைக் கழித்துவிட்டாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. எழுத்துக்கென்றும் எண்ணுக்கென்றும் இடம் நிலையாக இருப்பதால் பூஜ்யமா 'ஓ'வா என்ற கேள்வியே வராது. போனில் சொல்லும்போது 'எந்த பி?' என்று கேட்கவும் வேண்டியதில்லை. பிளேட்டில் ஒன்பது குறிகள் இருக்கும், தலைக்குள் ஒரு வார்த்தையும் ஓர் எண்ணும்தான் ஏறும்.

இதை வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்த்தேன். அக்காவுக்கும் அவள் பெண்ணுக்கும் தாளில் எழுதிய நம்பர்களை 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும் நேரம் மட்டும் காட்டிவிட்டு, உடனே அலமாரித் துணியெல்லாம் மடிக்க வைத்தேன். இப்போதைய மாதிரி நம்பரில் அக்காவுக்குக் கிடைத்தது முதல் எழுத்தும் கடைசி எண்ணும். 'கமோரு' மாதிரி எழுதியதை மறுநாள் காலையில் அந்தப் பெண் தானாகவே வந்து சொன்னாள். எண்ணில் ஓர் இலக்கம் தப்பு, வார்த்தை அப்படியே இருந்தது. ஒரு வீட்டில், இரண்டு பேரிடம் பார்த்தது, ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மேசை, பத்துத் தாள், ஒரு கூடை துணி, இவ்வளவுதான் செலவு. உங்கள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் செய்யலாம்.

இல்லையென்றால் படம். ஒவ்வொரு பிளேட்டிலும் மீன், குடை, சாவி, மரம், நிலா என்று யாரும் மாற்றிப் பெயர் சொல்லாத இருபது குறிகளில் ஒன்று. சில இடங்களில் பிளேட்டில் மலையும் பூவும் போடுகிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1928-லேயே உருளைக்கிழங்கு படம் போட்டது. ஆனால் எல்லா வண்டியிலும் ஒரே உருளைக்கிழங்கு என்றால் அது விளம்பரம். வண்டிக்கு வண்டி மாறினால்தான் அடையாளம். 'சாம்பல் கார், நிலா, ஒரு 7' என்று நான் சொல்லியிருந்தால், பார்க்க வேண்டிய கார்களில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். நான் எதையும் ஊகித்திருக்கவும் வேண்டாம்.

வரக்கூடிய மறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரம் செலவழிக்க மாட்டேன். கேமராவுக்கு நிலாவும் ஒன்றுதான், 'கே'யும் ஒன்றுதான். எல்லை தாண்டும் வண்டிகளுக்கு, வேறு எழுத்துகள் இருந்தால் லத்தீன் எழுத்திலும் எண்ணிலும் திரும்ப எழுத வேண்டும் என்று மேலே சொன்ன உடன்படிக்கையே வழி காட்டியிருக்கிறது. இருக்கிற பிளேட்டையெல்லாம் பிடுங்கச் சொல்லவும் இல்லை. புதிதாகப் பதிவாகிற வண்டிகளிலிருந்து தொடங்கலாம். ஒரு மறுப்பை மட்டும் மதிக்கிறேன். எளிதாக நினைவில் நிற்கும் நம்பர், பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுப்பவனுக்கும் நினைவில் நிற்குமே என்று ஒரு தோழி கேட்டாள். உண்மைதான். அதற்கு என்னிடம் இருக்கும் பதில்: பின்தொடர்கிறவன் எழுதி வைத்துக்கொள்வான், அவனுக்கு அவகாசம் இருக்கிறது. அவகாசம் இல்லாதது சாட்சிக்குத்தான்.

நான் கேட்பது இவைதான்.

புதிய பிளேட் வடிவம் எதையும் ஏற்கும் முன், 40 மீட்டர் சோதனையோடு நினைவுச் சோதனையும் கட்டாயமாக்குங்கள். ஓடுகிற வண்டி, இரண்டு நொடிப் பார்வை, ஐந்து நிமிடம் வேறு வேலை, பிறகு கேள்வி. பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள், ஆங்கில எழுத்தில் பழக்கம் குறைந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, வெளியிடுங்கள்.

ஒலியில் குழம்பும் எழுத்துகளில் குடும்பத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். வட்டாரக் குறியைச் சிறிதாக்கி ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். வண்டிக்கு வண்டி மாறுவதைப் பெரிதாக, பிரித்து, முதலில் வையுங்கள். இதற்கெல்லாம் ஆராய்ச்சியே தேவையில்லை, அடுத்த விதித் திருத்தத்திலேயே செய்யலாம். வாய்க்கு வரும் சொல், படக்குறி, சிங்கப்பூர் மாதிரி சரிபார்ப்பு எழுத்து, இந்த மூன்றையும் ஒரு பகுதியிலாவது ஓராண்டுக்குச் சோதித்துப் பாருங்கள்.

பிளேட் மாறும்வரை படிவத்தையாவது மாற்றுங்கள். 'உறுதி', 'ஊகம்', 'நினைவில்லை' என்று ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் மூன்று தெரிவுகள் போதும். நம்பர் தவிர வேறு எதைப் பார்த்தீர்கள் என்று கேட்கும் இடத்தை நம்பருக்கு முன்னால் வையுங்கள். ஊகத்தில் சொன்ன நம்பரை மட்டும் வைத்து யாரையும் அழைக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். என் படிவத்தில் கிளிக்கு இடமே இல்லை. அதிகாரி அதை ஓரத்தில் பென்சிலில் எழுதினார். காரின் சொந்தக்காரரை அழைத்த நாளில் அந்த ஓரத்தை யாரும் பார்க்கவில்லை.

இந்த மடலுக்கு மூன்று மாதத்துக்குள் பதில் வேண்டும். அதில் தெளிவாகப் படிக்க முடிகிறது என்று மறுபடி எழுத வேண்டாம். எத்தனை பேருக்குக் காட்டினீர்கள், எத்தனை நொடி காட்டினீர்கள், ஐந்து நிமிடம் கழித்து எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், இந்த மூன்று எண்களை மட்டும் அனுப்புங்கள்.